ஒன்று பன்னிரண்டுக்கு வந்த நாற்பத்து மூன்று வரிகள்

அந்த ஆஸ்பத்திரியில் அவளுடைய பதவிப்பெயர் நான்கு முறை மாறியது. கூப்பிடும் பெயர் மட்டும் மாறவில்லை. இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் அவள் எக்ஸ்சேஞ்ச் அக்காதான். எக்ஸ்சேஞ்ச் என்ற அறையே இல்லாமல் போய் ஐந்து வருடம் ஆன பிறகும் அப்படித்தான்.

இருபத்திரண்டு வயதில் அங்கே தொலைபேசி இணைப்பாளராகச் சேர்ந்தாள். மாடிப்படிக்குக் கீழே ஜன்னல் இல்லாத அறை. இரண்டு நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவரை அடைத்துக்கொண்டு ஒரு இணைப்புப் பலகை. மேஜையில் நீளவாக்கில் ஒரு பதிவேடு. யார் அழைத்தார், யாரைக் கேட்டார் என்பதற்குப் பக்கத்தில் நேரத்துக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். அழைப்பு வந்த நேரம் ஒன்று, இணைப்புக் கொடுத்த நேரம் மற்றொன்று. டாக்டர் எந்த வார்டில் இருக்கிறார் என்று தேடிப் பிடிப்பதற்குள் இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிடம் ஓடிவிடும். ஒருமுறை ஒரு நோயாளியின் வீட்டார், நான்கு மணிக்கே கூப்பிட்டும் டாக்டர் நாலரைக்குத்தான் வந்தார் என்று சண்டைக்கு வந்தார்கள். அழைப்பு வந்தது 4.02, கொடுத்தது 4.04 என்று பதிவேட்டில் இருந்தது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் தப்பித்தாள்.

அந்தப் பதிவேட்டுக்கு இன்னொரு விதியும் உண்டு. தவறாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது. எழுதியது தெரியும்படி குறுக்கே ஒரே ஒரு கோடு. மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் கையெழுத்து. அவளுக்கு முன்பு இருந்த ஒருவர் பிளேடால் சுரண்டிவிட்டு மாட்டிக்கொண்டு, கடைசிவரை துணி வெளுக்கும் பிரிவில் இருந்தாராம். "கறை எடுக்கறதுல ஆர்வம் இருந்துச்சு, அதுக்கேத்த இடத்துல போட்டாங்க" என்று பழைய ஆட்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

இருபத்து நான்கு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒவ்வொரு மேஜைக்கும் நேரடித் தொலைபேசி வந்தது, பலகையைக் கழற்றினார்கள். மற்ற இரண்டு இணைப்பாளர்களும் ஓய்வு வாங்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு நாற்பத்தாறு வயது. "வீட்ல உட்கார்ந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்" என்று அவள் சொன்னதும், மூன்றாவது மாடிக் கணினிப் பிரிவில் ஃபைல் தூக்கப் போட்டார்கள்.

ஃபைல் தூக்கிய கை ஒரு வருடத்தில் கட்டளை அடிக்கக் கற்றுக்கொண்டது. அங்கே இருந்தவர்கள் கறுப்புத் திரையில் அடிப்பதைப் பார்த்துப் பார்த்து, ஒரு நீள நோட்டில் எழுதிக்கொள்வாள். பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர் கேலி செய்வார். "எல்லாரும் பேப்பர் வேணாம்னு கம்ப்யூட்டருக்குப் போறாங்க. நீ கம்ப்யூட்டரைப் பேப்பர்ல எழுதி வைக்கிற."

"கரண்டு போனாலும் என் நோட்டு திறக்குங்க."

இதற்குள் ஆஸ்பத்திரி, நோயாளிகளின் கோப்புகளை எல்லாம் கிளவுடுக்கு மாற்றியிருந்தது. அதாவது, கோப்புகள் அந்தக் கட்டடத்திலேயே இல்லை. வெளியே ஒரு நிறுவனத்தின் கணினிகளில் வாடகைக்கு இருந்தன. யார் எந்தக் கோப்பைத் திறந்தாலும் அங்கே ஒரு வரி விழும்: இன்னார், இன்ன கோப்பு, இன்ன நேரம். ஒரு நாளைக்கு ஏறக்குறைய அறுபதாயிரம் வரிகள். மனிதர் படித்து முடிக்கிற காரியமா? அதற்காகவே அந்த நிறுவனம் ஒரு பாதுகாப்புக் கண்காணிப்பு வைத்திருந்தது. ஆனால் அதுவாக எதையும் பார்க்காது. என்ன பார்க்க வேண்டும் என்று நாம்தான் கேள்வி எழுதிக் கொடுக்க வேண்டும். எந்தப் பதிவில் தேடுவது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை, எந்தத் தேதியிலிருந்து, விடை எத்தனையைத் தாண்டினால் கூப்பாடு போடுவது. இவை எல்லாம் சேர்ந்த ஒன்றுக்கு டேட்டா சோர்ஸ் என்று பெயர்.

திரையில் பொத்தான்களை அழுத்தியும் அதை உருவாக்கலாம். அவளுக்கு அது பிடிக்கவில்லை. எதை அழுத்தினோம் என்று ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கட்டளையாக அடித்தால் அடித்தது அப்படியே இருக்கும். கருவியிடம் வெற்றுப் படிவத்தைக் கேட்டு வாங்கி, முதலில் காகிதத்தில் பென்சிலால் நிரப்பி, இரண்டு முறை சரிபார்த்து, அப்புறம்தான் கோப்பில் ஏற்றினாள். ஒரே ஆள் அரை மணிக்குள் இருபது கோப்புகளுக்கு மேல் திறந்தால் எச்சரிக்கை. அரை மணிக்கு ஒருமுறை தேடல். மார்ச் நான்காம் தேதி காலை 10.40க்கு கட்டளையை அனுப்பினாள்.

பிரிவு மேலாளர் அவளைவிடப் பதினான்கு வயது இளையவர். நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்தார். "வந்துடுச்சா அக்கா?"

"ரசீது வந்திருக்கு சார். சரக்கு இன்னும் வரல."

உண்மையும் அதுதான். அந்தக் கட்டளை உடனே 'உருவாகிவிட்டது' என்று சொல்லாது. வேலையை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு எண் மட்டும் தரும். அந்த எண்ணைக் கொடுத்து மறுபடி மறுபடி கேட்க வேண்டும். 10.43க்கு 'வெற்றி' என்று வந்தது. அனுப்பிய நேரம், அந்த எண், வெற்றி வந்த நேரம் மூன்றையும் நோட்டில் எழுதினாள்.

மே மாதம் ஒரு குறை தெரிந்தது. நகரின் மறு கோடியில் இருந்த கிளை மருத்துவமனையில் இணைப்பு மந்தம். அங்கே ஒரு எழுத்தர் தனக்குச் சம்பந்தமில்லாத இருபத்தெட்டு கோப்புகளை வேடிக்கை பார்த்திருக்கிறார். அந்த வரிகள் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்து சேர்ந்தன. கடைசி அரை மணியில் நடந்ததை மட்டும் தேடிய கேள்வி, அவற்றைப் பார்க்காமலே போய்விட்டது. வேறு ஏதோ தேடும்போது தற்செயலாக அகப்பட்டது. அவளுக்கு அது மானப் பிரச்சினை. இரண்டு நாள் யோசித்து, கேள்வியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாள். ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரங்கள் இருக்கும்: கோப்பைத் திறந்த நேரம், அந்த வரி வந்து சேர்ந்த நேரம். முன்னதற்குப் பதிலாகப் பின்னதைக் கணக்கில் வைத்தாள். எப்போது வந்தாலும் வந்ததும் அகப்படும். நோட்டில் எழுதினாள்: 'இனித் தாமதமாக வந்தாலும் தப்பாது.'

ஆகஸ்டில் இயக்குநர் பாராட்டுக் கடிதம் கொடுத்தார். கணவர் அதை ஃப்ரேம் போட்டு, வீட்டில் ஃபிரிட்ஜுக்கு மேலே சாய்த்து வைத்தார். "ஆணி அடிச்சா வீட்டுக்காரர் திட்டுவாரு."

செப்டம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை. பகல் 1.30க்கு எச்சரிக்கை வந்தது. ஆறாம் வார்டு சிஸ்டர், அரை மணிக்குள் நாற்பத்து மூன்று கோப்புகள்.

சிஸ்டருக்குப் பத்தொன்பது வருட சர்வீஸ். எக்ஸ்சேஞ்ச் காலத்திலிருந்தே இருவரும் மதியத்தில் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பார்கள். 'அக்கா, உப்பு கூட' என்று இவள் டப்பாவில் கைவிடும் உரிமை சிஸ்டர் ஒருத்திக்குத்தான் இருந்தது. விசாரித்தால் ஏதாவது காரணம் இருக்கும் என்று எண்ணி, அக்கா வழக்கப்படி மேலாளருக்கு அனுப்பினாள்.

ஆனால் அதே வாரம் வேறொன்றும் நடந்தது. ஆறாம் வார்டில் இருந்த ஒரு நோயாளியின் வியாதி என்னவென்று அவர் வேலை செய்யும் இடத்துக்குத் தெரிந்துவிட்டது. அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் ஆஸ்பத்திரி மேல் புகார் கொடுத்தார். நாற்பத்து மூன்றில் அவருடைய கோப்பும் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சிஸ்டரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார்கள். செப்டம்பர் இருபத்தேழு, வெள்ளிக்கிழமை காலை பதினொன்றுக்கு விசாரணை. குற்றம் நிரூபணமானால் வேலை போகும். செவிலியர் பதிவும் போகும். வேறு எங்கும் ஊசி போட முடியாது.

புதன்கிழமை மேலாளர் ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தார். "சாட்சி அறிக்கை அக்கா. கீழ ஒரு கையெழுத்து."

அவள் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. படித்தாள். 'பகல் 1 மணிக்கும் 1.30க்கும் இடையில் 43 கோப்புகளைத் திறந்தார்.'

"சிஸ்டர் பதில் ஏதும் எழுதியிருக்காங்களா சார்?"

"எழுதியிருக்காங்க. அந்த நேரம் பேஷன்ட்டைக் கூட்டிக்கிட்டு எக்ஸ்ரே ரூம்ல இருந்தாங்களாம்."

"எக்ஸ்ரே ரூம்ல நோட்டு இருக்குமே."

"அக்கா, பாஸ்வேர்டு அவங்களோடது. அங்க இருந்தாங்கன்னா வேற யாருக்கோ பாஸ்வேர்டைக் கொடுத்திருக்காங்க. அதுவும் குத்தம்தான். நீங்க போடுங்க."

"பேனாவைக் கீழ வச்சுட்டு வந்துட்டேன் சார், எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினாள்.

எக்ஸ்ரே டெக்னீஷியன் சிரித்தார். "என்ன எக்ஸ்சேஞ்ச் அக்கா, எலும்பை எண்ணிப் பார்க்க வந்தீங்களா?"

"பதினேழாம் தேதி நோட்டைக் காட்டு தம்பி."

உள்ளே 1.02. வெளியே 1.41. இரண்டு இடத்திலும் சிஸ்டரின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் அடுத்த கட்டத்துக்குள் நீண்டிருந்தது.

மூன்றாவது மாடிக்கு ஏறிவந்து, அந்த எச்சரிக்கைக்குக் காரணமான வரிகளைச் சுருக்கம் இல்லாமல் முழுசாகக் கேட்டாள். நாற்பத்து மூன்று வரிகள். அச்செடுத்தாள். ஸ்கேலை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து வைத்துப் படித்தாள். வந்து சேர்ந்த நேரம்: 1.12. அடுத்தது, 1.12. அடுத்ததும் 1.12. நாற்பத்து மூன்றும் 1.12. திறந்த நேரம் வலது ஓரத்தில் இருந்தது: காலை 7.04, 7.09, 7.15, அப்படியே ஊர்ந்து 12.56 வரை. ஒவ்வொரு படுக்கையாகப் போய் மாத்திரை கொடுக்கும் ஒருத்தி, ஒவ்வொரு கோப்பாகத் திறந்திருக்கிறாள். காலை ஷிஃப்ட் முழுக்க அவள் செய்த வேலை அது.

கட்டடப் பராமரிப்புக்குப் போன் போட்டாள். ஆமாம், அன்று ஆறாம் வார்டுப் பக்கம் சுவருக்குப் பெயின்ட் அடித்தார்கள். காலை 6.50க்கு நெட்வொர்க் பெட்டியைக் கழற்றி, பகல் 1.10க்கு மாட்டினார்கள். வார்டில் கோப்பு பார்க்கும் டேப்லெட் கணினிகள் இணைப்பு இல்லாமலே வேலை செய்யும். வரிகளைச் சேர்த்து வைத்திருந்து, இணைப்பு வந்ததும் மொத்தமாக அனுப்பும். அனுப்பியிருக்கின்றன.

ஒரே நிமிடத்தில் நாற்பத்து மூன்று கோப்புகளை எந்த மனிதக் கையாலும் திறக்க முடியாது. அன்றைக்கே இந்த வரிகளை ஒருதடவை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அவள் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்த்தாள். இருபத்து நான்கு வருடம் இரண்டு நேரங்களை இரண்டு கட்டத்தில் எழுதியவள், அந்த இரண்டில் தப்பானதை எடுத்துக்கொண்டாள். நோட்டைப் புரட்டினாள். 'இனித் தாமதமாக வந்தாலும் தப்பாது.' அவள் கையெழுத்தேதான்.

மேலாளர் அச்சுத்தாளை வாங்கிப் பார்த்தார். புரிந்துகொள்ள அவருக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை, கெட்டிக்காரர். கதவைச் சாத்தினார்.

"அக்கா, நான் சொல்றதைக் கேளுங்க. இதை இப்ப வெளிய சொன்னா நாம கொடுத்த எல்லா எச்சரிக்கையும் சந்தி சிரிக்கும். கேள்வியைச் சத்தமில்லாம திருத்திடுவோம். விசாரணையில நான் எக்ஸ்ரே நோட்டை எடுத்துக் காட்டறேன். ஆதாரம் போதலன்னு விட்டுடுவாங்க."

"ஆதாரம் போதலன்னு விடறது வேற சார். தப்பு நம்மளதுன்னு சொல்றது வேற."

"உங்களை மறுபடியும் ஃபைல் தூக்க அனுப்பிடுவாங்க."

"தூக்கியிருக்கேன் சார். கனமா இருக்கும், அவ்வளவுதான்."

தைரியமாகப் பேசிவிட்டாள். படி இறங்கும்போதுதான் மற்றது உறைத்தது. ஃபைல் தூக்குவது பெரிதல்ல. ஐந்து வருடமாக, இந்த வயதில் இவளுக்கு எதற்கு இது என்று முதுகுக்குப் பின்னால் பேசியவர்கள் எல்லாம் இனி முகத்துக்கு நேரே பேசுவார்கள்.

அன்று சாயங்காலம் கணவர் வேனைக் கழுவி முடித்து, ஈரக் கையோடு உள்ளே வந்தார். அவள் அடுப்படியில் விளக்குப் போடாமல் நின்றிருந்தாள்.

"ஏங்க. தெரியாம ஒருத்தர் மேல வண்டிய ஏத்திட்டா என்ன பண்ணுவீங்க?"

அவர் துண்டை எடுத்துக் கையைத் துடைத்தார். "இறங்கிப் பார்ப்பேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? ஓட்டினது நான்தான்னு நிப்பேன்." விளக்கைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "நீ யார் மேல ஏத்தின?"

சொன்னாள். கடைசியில், "அந்தப் பொண்ணா? உன் டப்பாவுல கை வைக்குமே, அதுவா?" என்றார். அதற்கு மேல் கேலி எதுவும் அவர் வாயில் வரவில்லை. ஃபிரிட்ஜ் மேலிருந்த ஃப்ரேமை அவள் எடுத்து அலமாரியில் வைத்தாள்.

வியாழன் முழுவதும், மே மாதம் அந்தச் சொல்லை மாற்றியதற்குப் பிறகு வந்த எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு நேரங்களையும் ஒப்பிட்டாள். சிஸ்டருடையதையும் சேர்த்து ஐந்து. மற்ற நான்கும் சரியாக இருந்தன. அதை இரண்டாம் முறையும் பார்த்த பிறகுதான் தண்ணீர் குடித்தாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை அறையில் இயக்குநர் நடுவில் உட்கார்ந்திருந்தார். சிஸ்டர் ஓரத்து நாற்காலியில், கைப்பையை மடியில் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அக்கா உள்ளே வந்தபோது தலையைத் திருப்பவில்லை. தட்டச்சு செய்த அறிக்கையில் அக்கா கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. கையால் எழுதிய இரண்டு பக்கத்தை வாசித்தாள்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ உங்க கணக்கு தப்பா?"

"எண்ணிக்கை சரிங்க ஐயா. நாற்பத்து மூணு. நேரம்தான் தப்பு. திறந்த நேரத்தைப் பார்க்க வேண்டிய இடத்துல வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்துட்டேன்."

மேலாளர் முந்திக்கொண்டார். "சிஸ்டம்ல ஒரு சின்னப் பிழை சார்."

"இல்லீங்க" என்றாள் அக்கா. "நான் கேட்ட கேள்விக்கு மெஷின் சரியாத்தான் பதில் சொல்லிச்சு. கேள்வி என்னோடது."

சிஸ்டர் அப்போதும் திரும்பவில்லை. ஆனால் கைப்பையின் மேல் இருந்த விரல்கள் தளர்ந்தன.

சிஸ்டர் மீதான குற்றச்சாட்டு அன்றே விலக்கப்பட்டது. நோயாளியின் விஷயம் வெளியே எப்படிப் போனது என்பது கடைசிவரை தெரியவில்லை. அக்காவுக்கு எழுத்து மூலம் எச்சரிக்கை; இனி எந்தக் கேள்வியையும் இரண்டாவது ஆள் சரிபார்த்துக் கையெழுத்திடாமல் அனுப்பக்கூடாது. ஃபைல் தூக்க யாரும் அனுப்பவில்லை. அந்த விதியை அவள் தண்டனையாக எடுத்துக்கொள்ளவில்லை, முதலிலேயே இருந்திருக்க வேண்டியது என்றாள். சனிக்கிழமை புதிய டேட்டா சோர்ஸ் ஒன்றை உருவாக்கினாள். தேடல் பன்னிரண்டு மணி நேரம் பின்னால் வரை போகும், தாமதமாக வந்ததும் அகப்படும்; ஆனால் அரை மணிக் கணக்கு, திறந்த நேரத்தை வைத்துத்தான். மேலாளர் ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டுக் கையெழுத்திட்டார். பழையதை நிறுத்தி வைத்தாளே தவிர நீக்கவில்லை.

திங்கட்கிழமை மதியம் படிக்கட்டுத் திருப்பத்தில் காத்திருந்தாள். டப்பாவைத் திறக்கவில்லை. சிஸ்டர் கீழிருந்து ஏறி வந்து, இரண்டு படி கீழேயே நின்றாள்.

"எச்சரிக்கைப் பட்டியல்ல உன் பேர்ல அந்த வரி இன்னும் இருக்கு" என்றாள் அக்கா. "நீக்கிடலாம்னு சார் சொல்லிட்டாரு. நீ சரின்னா இப்பவே போய் நீக்கிடறேன். இருந்த சுவடே தெரியாது."

"சுவடே தெரியாதா மேடம்?"

பத்தொன்பது வருடத்தில் முதல் முறையாக 'மேடம்'.

"பன்னண்டு நாள் வீட்ல இருந்தேன். மேல் வீட்டுக்காரங்க லீவான்னு கேட்டாங்க. ஆமான்னேன். நாலாவது நாள் என் பொண்ணு கேட்டா, 'அம்மா, நீ நிஜமாவே பார்த்தியா'ன்னு. என் வயித்துல பொறந்தது கேட்குது." குரல் ஏறவில்லை, ஏறியிருந்தால் அக்காவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். "அதை எந்தக் கம்ப்யூட்டர்ல நீக்குவீங்க?"

அக்கா டப்பாவைப் படியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"நீக்க வேணாம்" என்றாள் சிஸ்டர். "நீக்கினா, 'இருந்துச்சு, ஆளைப் பிடிச்சு நீக்கிட்டா'ன்னு ஆகும். நெருப்பில்லாம புகையாதுன்னு பேச நாலு பேர் இருக்காங்க. அது அங்கேயே இருக்கட்டும். பக்கத்துல எழுதுங்க. யார் தப்புன்னு எழுதுங்க."

"வா" என்றாள் அக்கா.

இருவரும் மூன்றாவது மாடிக்கு ஏறினார்கள். அக்கா கறுப்புத் திரையைத் திறந்தாள். அந்த எச்சரிக்கையை முடிக்க இரண்டு வழி இருந்தது: தீர்க்கப்பட்டது என்று மூடலாம், அல்லது ஆதாரமற்றது என்று தள்ளலாம். இரண்டாவதைத் தேர்ந்தாள். குறிப்புக்கான இடத்தில் அடிக்கத் தொடங்கினாள். சிஸ்டர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

'இந்த எச்சரிக்கை தவறு. ஆறாம் வார்டு செவிலியர் 43 கோப்புகளையும் காலை 7.04 முதல் 12.56 வரை, தன் பணியின் பகுதியாகத் திறந்தார். இணைப்பு இல்லாததால் வரிகள் 1.12க்கு மொத்தமாக வந்தன. வந்து சேர்ந்த நேரத்தை நடந்த நேரமாகக் கணக்கிட்டது கேள்வியை எழுதிய என் பிழை.'

"செவிலியர்னு மட்டும் போட்டிருக்கீங்க. குத்தம் சொன்னப்ப பேரோடதானே சொன்னீங்க?"

அக்கா சிஸ்டரின் முழுப்பெயரையும் போட்டாள். கடைசியில் தன் முழுப்பெயரையும் போட்டாள். அந்தக் கட்டடத்தில் பலருக்குத் தெரியாத பெயர் அது.

"தேதி?"

தேதியைப் போட்டாள். நேரத்தையும் போட்டாள். மேலாளரைக் கூப்பிட்டு, இரண்டாவது கண்ணுக்காகக் காட்டினாள். அவர் படித்தார், சிஸ்டரை ஒருமுறை பார்த்தார், தலையசைத்தார். 1.26க்குக் கட்டளையை அனுப்பினாள். திரையில் ஒரு நீள எண் வந்து நின்றது.

"முடிஞ்சுதா?" என்றாள் சிஸ்டர்.

"ரசீதுதான் வந்திருக்கு. ஏறுதான்னு பார்த்துத்தான் சொல்லணும்."

சிஸ்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டு மணிக்கு வார்டில் மருந்து நேரம். பக்கத்து மேஜையில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, திரைக்கு நேராக உட்கார்ந்தாள்.

"பாருங்க" என்றாள். "இருக்கேன்."